கவிழ்த்து வைத்த தட்டுகள்

ஒயிட்ஃபீல்டில் உள்ள அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் முக்கியமான முடிவுகளெல்லாம் ரயிலில்தான் எடுக்கப்பட்டன. முதலாளி பவனுக்கு இது தெரியாது. திங்கட்கிழமை காலையில், கண்ணாடிக் கதவு போட்ட அறையில், தன் கண்முன்னால்தான் எல்லாம் முடிவாகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நம்முடைய மீட்டிங் மாதிரி சீக்கிரம் முடிகிற மீட்டிங் எங்கேயும் கிடையாது என்று வெளியாட்களிடம் பெருமை வேறு பேசுவார். மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் காலை வண்டியில் பேசித் தீர்த்து, மாலூர் வருவதற்குள் முடிச்சுப் போட்டு வைத்ததை அறைக்குள் அவிழ்த்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இந்த ரயில் சபைக்குத் தலைவி நளினி. கம்பெனியில் அவள் புரொடக்‌ஷன் மேனேஜர். மருந்துக் கம்பெனிகளுக்கு மாத்திரைப் பெட்டி செய்கிற அந்த இடத்தில், பசை தடவும் மேஜையில் நின்றுகொண்டு வேலையைத் தொடங்கியவள், படிப்படியாக மேலே வந்தாள். வந்த வழியெல்லாம் அதே ரயில், அதே பெட்டி, அதே இருக்கை. அந்த இருக்கையைப் பிடித்து வைப்பவர் பிரிண்டிங் சூப்பர்வைசர் பக்தவச்சலம். அவர் வீடு மாரிகுப்பத்தில், வண்டி புறப்படும் இடத்திலேயே. காலிப் பெட்டியில் முதலில் ஏறி, ஜன்னலோரத்தில் தான் உட்கார்ந்து, பக்கத்தில் நளினிக்குத் தன் சாப்பாட்டுப் பையை வைப்பார். எதிரே பேஸ்டிங் செக்‌ஷன் மரியாவுக்குத் துண்டு, டெஸ்பாட்ச் திலீப்புக்குப் பேப்பர். கோரமண்டல் ஸ்டேஷனில் நளினி ஏறியதும் பை அவர் மடிக்குப் போகும். இதில் ஒரு நாளும் மாற்றம் இருந்ததில்லை.

பிறகு பேச்சு. மரியா ஒரு டப்பாவில் ஊறவைத்த அவரைக்கொட்டையை வைத்துக்கொண்டு தோல் பிதுக்குவாள். திலீப் எதையாவது ஆரம்பித்து வைப்பான். பக்தவச்சலம் கண்ணை மூடிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு வாக்கியம் சொல்வார். நளினி தலையசைப்பாள். அவ்வளவுதான், முடிவு எடுத்தாயிற்று. அறைக்குள் போனதும் நான்கு தலைகளும் ஒன்றாக ஆடும்போது, மற்றவர்கள் எதைச் சொல்லி எதை மாற்றுவது?

அந்த மற்றவர்களில் ஒருத்தி மமதா. குவாலிட்டியைப் பார்த்துக்கொள்பவள், துமகூர்க்காரி, கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். தமிழ் புரியும், பேச வராது. சேர்ந்த புதிதில் ஒருநாள் நளினியிடம் கன்னடத்தில் கேட்டாள், "நீங்க நாலு பேரும் எப்பவும் ஒரே மாதிரியே யோசிக்கிறீங்களே, எப்படி?" நளினி சிரித்தபடி, "ஒரே ஊர்க்காரங்க இல்லியா" என்றாள். அவளுக்கே எங்கோ சுருக்கென்று தைத்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்தும் போயிற்று.

இந்த ஜனவரியில் வந்த விஷயம் பெரியது. கம்பெனிக்கு இரண்டாவது யூனிட் போட வேண்டும். பவனின் கைக்கு அடங்குகிற மாதிரி இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று மாலூரில் ஒரு ஷெட். இன்னொன்று அந்த நாலு பேரின் ஊரான கோலார் தங்கவயலிலேயே, பாலகாட்டில், சும்மா கிடக்கும் ஒரு பழைய ஷெட். "ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்கதான் அங்க போய் யூனிட்டைப் பார்த்துக்கப் போறீங்க" என்று பவன் நளினியிடம் விட்டுவிட்டார்.

பாலகாட் ஷெட்டுக்கும் நளினியின் வீட்டுக்கும் இடையே இரண்டு தெருதான். நடந்தே வேலைக்குப் போகலாம் என்ற நினைப்பே அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஏதோ பேராசைப்படுகிற மாதிரி. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவளுக்கு, ஒன்பதாவது படிக்கும் மகள் பல்லவி வாரத்தில் ஆறு நாள் போர்வைக்குள்தான் காட்சி தருவாள். பக்தவச்சலத்துக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒயிட்ஃபீல்டில் நடைமேம்பாலம் ஏறும்போது கைப்பிடியை விடமாட்டார். மரியா தன் சின்னப் பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள், அவன் அந்த வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். திலீப்புக்குப் பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம், பையன் ரயில்ல போய் வர்றவனா என்று கேட்டுவிட்டுக் காபியோடு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே டேக்கல் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே பாலகாட் என்று முடிவாயிற்று. மாலூரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஷெட் எப்படி இருக்கும் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

மருந்துப் பெட்டி செய்கிற இடமாயிற்றே, குவாலிட்டி கையெழுத்து இல்லாமல் இடம் எடுக்க முடியாது. அதனால் சனிக்கிழமை மமதா இடம் பார்க்க வந்தாள். ஷெட் நன்றாகவே இருந்தது. உயரமான கூரை, லாரி திரும்புகிற அளவு முற்றம், பக்கத்திலேயே ரோடு. பின்னால் சாம்பல் நிறத்தில், மழைநீர் கீறிய வரிகளோடு பெரிய மேடு. "அது என்ன மலை?" என்று கேட்டாள் மமதா.

"மலை இல்ல, சயனைடு மேடு. தங்கம் எடுத்துட்டு மிச்ச மண்ணை அரைச்சுக் கொட்டினது. ஊர் பூரா இருக்கு" என்றாள் நளினி, வீட்டு மாட்டைக் காட்டுகிற அலட்சியத்தோடு. மமதா அதையும் சேர்த்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். ஜனவரி மாத வெயில், இலை அசையவில்லை. தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தமா இருக்கு என்றாள்.

சாப்பாடு நளினியின் வீட்டில். களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் என்றதும் துமகூர்க்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சும்மா உட்காரத் தெரியாதவள், தட்டு எடுக்கிறேன் என்று சமையலறைக்குள் வந்தாள். வந்தவள் அலமாரி முன்னால் நின்றுவிட்டாள். தட்டெல்லாம் கவிழ்ந்திருந்தன. டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. குண்டான், கரண்டி போட்டு வைக்கும் டப்பா, உரல்கூட ஒரு பேசினுக்கு அடியில். தண்ணீர் டிரம்முக்குத் துணி கட்டி, அதன்மேல் மூடி.

நளினி ஒரு தட்டை எடுத்து நிமிர்த்தி, புடவைத் தலைப்பால் ஒரு சுற்றுத் துடைத்து நீட்டினாள். "காய்ஞ்ச தட்டுதானே, எதுக்குத் துடைக்கிறீங்க?" என்றாள் மமதா.

"பழக்கம்."

"எல்லாத்தையும் ஏன் கவிழ்த்து வெச்சிருக்கீங்க?"

"எங்க ஊர்ல எல்லார் வீட்லயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நளினி களியை எடுத்து வைத்தாள். மமதா இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினாள். இடம் நல்ல இடம், திங்கட்கிழமை மீட்டிங்கிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சாயங்கால வண்டியில் கிளம்பிப் போனாள்.

அவளை அனுப்பிவிட்டு வந்து பாத்திரம் கழுவி அடுக்கும்போதுதான் நளினியின் கை நின்றது. கவிழ்த்த தட்டு கையிலேயே இருந்தது. ஏன் கவிழ்த்து வைக்கிறோம்?

ஆனி பிறந்தால் காற்று. ஆடி முடியும்வரை காற்று. மேட்டிலிருந்து மாவு மாதிரி கிளம்பும் மண், சாத்திய ஜன்னலின் இடுக்கில் புகுந்து, படுக்கையில், புத்தகத்தில், சோற்றில் வந்து உட்காரும். வாயில் எப்போதும் நறநறவென்று இருக்கும். பல்லவி இருமுவாள். உதறாமல் போர்வை போர்த்த முடியாது, துடைக்காமல் தட்டு வைக்க முடியாது. நளினி பிறந்ததிலிருந்து இப்படித்தான்.

அவள் எதையும் மறைக்கவில்லை. நிஜமாகவே அது அவள் நினைவுக்கு வரவில்லை. காதில் கிடக்கும் கம்மலை யார் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அவளுக்கு மட்டுமில்லை, ரயிலில் அவளோடு உட்கார்ந்து முடிவெடுத்த மூன்று பேருக்கும் வரவில்லை. நான்கு பேரும் ஒரே மேட்டின் மண்ணைத் தின்று வளர்ந்தவர்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரியட்டும் என்றுதான் நாலு பேர் கூடி யோசிப்பது. நாலு பேருக்கும் பழகிப்போனது ஒன்றேயாக இருந்தால், நாலு பேர் என்ன, நாற்பது பேர் உட்கார்ந்தாலும் ஒருவர்தான்.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தலைமுடி கிடந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிற வாடிக்கையாளர்கள் அவர்கள். பசை தடவிய மடிப்பில் தூசி உட்கார்ந்தால் பெட்டி ஒட்டவே ஒட்டாது. நளினிக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் மமதாமேல். சாப்பிட வந்தவள் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாதா, தட்டைப் பற்றி எதற்குக் கேட்டாள்? கோபம் தணிந்ததும் பயம் வந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண் கையெழுத்துப் போடப் போகிறாள். ஆடி மாதம் பெட்டியெல்லாம் திரும்பி வரும்போது, குவாலிட்டி யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

திங்கட்கிழமை ரயிலில் நளினி விஷயத்தைச் சொன்னாள். மரியாவின் விரல்கள் அவரைக்கொட்டையில் நின்றன.

"ஜன்னல சாத்திக்கலாம் மேடம்" என்றான் திலீப்.

"உங்க வீட்ல சாத்தறது இல்லியா?" என்றாள் நளினி.

"அத்த இப்ப யாரு கேட்டாங்க?" என்றாள் மரியா. "அந்தப் பொண்ணே இடம் சுத்தமா கீதுன்னு சொல்லிட்டுப் போச்சு. நம்ம எதுக்கு நோண்டணும்?"

பக்தவச்சலம் கண்ணைத் திறந்தார். "நீ ஒண்ணியும் பொய் சொல்ல வேணாம் நளினிம்மா. வாயத் தொறக்காம இரு, போதும். மிசின் வந்து எறங்கிட்டா அப்புறம் பவன் சார் தூக்கினு போவாரா? காத்துக் காலம் வந்தா அவரே எதுனா ஏற்பாடு பண்ணுவாரு. பண்ணித்தான் ஆவணும்."

"கையெழுத்து மமதா போடறாண்ணா."

"போடட்டுமே. பாக்கறது அவ வேலதானே. நாம இன்னா அவ கண்ணக் கட்டியா வுட்டோம்?" என்றவர், சற்றுப் பொறுத்து, தணிந்த குரலில் சொன்னார். "இன்னும் மூணு வருசம் கீது எனக்கு. அந்தப் பாலத்து மேல ஏற முடியலம்மா."

நளினி தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அசைக்காததையும் அசைத்ததாகவே மூவரும் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை வருடப் பழக்கம்.

மீட்டிங் தமிழும் கன்னடமும் கலந்துதான் ஓடும், பவனுக்கு இரண்டும் வரும். மமதா ஃபோட்டோக்களைத் திரையில் காட்டினாள். கூரை, முற்றம், லாரி திரும்பும் இடம், பின்னால் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மேடு. "நேர்ல பார்த்தேன். தூசி, ஈரம் எதுவும் இல்ல. வேற ஏதாவது சந்தேகம்னா நளினி மேடம் இருக்காங்க, அவங்க பிறந்த ஊரு" என்று கன்னடத்தில் முடித்துவிட்டு நளினியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் களியும் குழம்பும் இருந்தன.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று பவன் பேனாவின் மூடியைக் கழற்றினார். மூன்று தலைகள் ஆடின. நான்காவது, நளினியுடையது, ஆடவில்லை.

பாலகாட் வேண்டாம் சார். மூன்று வார்த்தைகள். சொல்வதற்கு வாயைத் திறந்தவள், எதிரே மரியா மேஜைமேல் வைத்திருந்த கையைப் பார்த்தாள். பிதுக்கிப் பிதுக்கி நகக்கண் பச்சையாகிப்போன கை. பிறகு தன் குரல் வேறு எதையோ கேட்பது அவளுக்கே கேட்டது.

"அண்ணா, உங்க வீட்ல தட்டை எப்படி வெச்சிருப்பாங்க?"

பவன் சிரித்தார், யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். பக்தவச்சலம் நளினியைப் பார்த்தார். தட்டு மாதிரி தட்டு வைப்பாங்க என்று சொல்லியிருக்கலாம். அது என்ன கேள்வி என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். மேஜைக்கு அடியில் அவர் கை முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பது நளினிக்குத் தெரிந்தது.

"கவுத்து" என்றார்.

"என்னது?" என்றார் பவன்.

"கவுத்து வெப்போம் சார். தட்டு, சொம்பு, குண்டான் எல்லாம். அந்தா படத்துல கீதே மேடு, ஆனி ஆடியில அது சும்மா இருக்காது. கெளம்பி வந்து வீடெல்லாம் உக்காரும். நிமித்தி வெச்ச தட்டுல நீங்க பேரெழுதலாம். எங்களுக்குப் பழகிப்போச்சு. பெட்டிக்குப் பழகாது சார்."

மமதா திரையை ஒருமுறை பார்த்தாள், நளினியை ஒருமுறை பார்த்தாள். சனிக்கிழமை துடைத்துக் கொடுத்த தட்டு அவளுக்கு இப்போது விளங்கியிருக்க வேண்டும்.

அன்று மீட்டிங் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியது. ஷெட்டை முழுக்க அடைத்து ஏசி போட்டால் என்ன என்று பவன் கேட்டார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நீளத்துக்கு இடைவெளி இருப்பதையும், லோடு ஏற்றும் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் என்பதையும் மமதா எடுத்துச் சொன்னாள். திலீப் முதல்முறையாக மாலூர் ஷெட்டைப் பற்றிக் கேட்டான். மரியா, கலங்கிய கண்ணை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மாலூர் ஸ்டேஷனிலிருந்து ஷெட்டுக்குக் கம்பெனி வேன் விடுமா என்று கேட்டாள். விடலாம் என்றார் பவன். ஸ்டேஷனிலிருந்து தூரமில்லை, ஏறி இறங்கப் பாலமும் கிடையாது, வாசலிலேயே வேன் நிற்கும் என்றும் பேச்சில் வெளிவந்தது. ரயிலில் ஒருவரும் கேட்காத கேள்விகள் இவை. கடைசியில் மாலூர் என்று முடிவாயிற்று. பாதி வழி. பாலகாட்டில் இரண்டு தெரு நடப்பதற்கும் அதற்கும் ரொம்ப தூரம்.

மறுநாள் காலை கோரமண்டலில் ஏறும்போது, தன் இடத்தில் பை இருக்காது என்றுதான் நளினி நினைத்தாள். இருந்தது. ஆனால் அவள் வந்து நின்ற பிறகும் பக்தவச்சலம் அதை எடுக்கவில்லை. மரியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திலீப் பேப்பரால் முகத்தை மூடியிருந்தான்.

"உக்காரட்டுமாண்ணா?"

"நேத்து மீட்டிங்ல என்னிய இன்னாத்துக்குக் கேட்ட?" என்றார் பக்தவச்சலம், கண்ணைத் திறக்காமலே. "நீதான மேனேஜரு. வேணாம்னு நீயே சொல்லியிருந்தா நாங்க உன்ன நாலு நாளு திட்டினு இருந்திருப்போம், அப்புறம் வுட்டுருப்போம். இப்ப ஊட்ல கேக்கறாங்க. ஊருக்கு வர இருந்த கம்பெனிய நீயா வேணாம்னு சொன்னன்னு. நான் இன்னா பதில் சொல்றது?"

நேற்று முழுக்க நளினி தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் சொன்னால் அது உத்தரவு, அவர் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டது மாதிரி, அதனால்தான் அவரைக் கேட்டேன் என்று. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

"பயந்துட்டேண்ணா" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உக்காரு. ஆனா இனிமே ஆபீஸ் பேச்சு இந்த வண்டியில வேணாம். பேசறத அங்க பேசு, நாங்களும் அங்கயே பேசறோம். இங்க நான் தூங்கணும்."

வண்டி பங்காருப்பேட்டையில் நின்று கிளம்பியது. மாலூர் யூனிட்டுக்கு யார் பொறுப்பு என்று அடுத்த திங்கட்கிழமை பவன் கேட்பார். நளினிதான் என்று அவரே நினைத்திருப்பார். பாதி ரயில் மிச்சமாகும், பல்லவி விழித்திருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடலாம். இதையெல்லாம் நளினி நேற்று ராத்திரியே யோசித்துப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, தான் ஒயிட்ஃபீல்டுக்கே போய் வருவது, பவனிடம் சொல்ல வேண்டியது பக்தவச்சலத்தின் பெயர் என்று முடிவும் செய்திருந்தாள்.

பக்கத்தில் அவர் முழங்காலைப் பிடித்தபடி தலைசாய்த்துக்கொண்டார். இப்போதே சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். அதைத் திங்கட்கிழமை, அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட அறையில், எல்லோர் முன்னாலும், அவளேதான் சொல்ல வேண்டும்.